பக்கத்துக் கொல்லையில் எங்கள் செம்மண்

ஏரியூர்ப் பக்கம் எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு மேட்டுக் கொல்லை. அதுவும் மானாவாரி. அது போனால் கூலிக்குப் போகணும், வேற வழி கிடையாது. "இன்னொருத்தர் கொல்லையில குனிய மாட்டேன்" என்று என் வூட்டுக்காரர் அடிக்கடி சொல்வார். மனுஷனுக்கு வீம்பு ஜாஸ்தி. நானும் லேசுப்பட்டவள் இல்லை.

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடியது. பென்னாகரம் ரோட்டில் வருகிற பஸ்ஸின் முதுகில் ஒரு கரியடுப்பு எரியும். கரி சுடுகிறவர்கள் ஊர் ஊராக மரம் கேட்டு வந்தார்கள். எங்கள் மேற்கு வரப்பில் வரிசையாக நின்ற வேல மரங்களை இவர் வெட்டக் கொடுத்துவிட்டார். நிழல் விழுந்து பயிர் சோடை போகுதாம். "காத்துக்கு மறைப்பா நிக்குதுங்க, இருக்கட்டுமே" என்றேன். "காத்துக்கு வேலி போடச் சொல்றியா?" என்று சிரித்தார்.

எங்கள் பக்கம் உழவில் ஒரு பெருமை உண்டு. கட்டி ஒன்றுகூடக் காலில் இடறக் கூடாது, மண் மாவாகணும். அப்போதுதான் நல்ல குடியானவன் என்பார்கள். அந்த வருஷமும் திரும்பத் திரும்ப ஓட்டினார். ஆடி பிறந்ததும் மழையை நம்பிப் புழுதியிலேயே சாமையை விதைத்தோம்.

மழை வரவில்லை. காற்றுதான் வந்தது. ஆடிக் காற்று எங்களுக்குப் புதுசில்லை, ஆனால் மரமில்லாத கொல்லையில் அது என்ன செய்யுமென்று அன்றைக்குத்தான் பார்த்தோம். மத்தியானமே மேற்கே செக்கச்செவேலென்று எழும்பி, உழுத மண்ணை வாரிக்கொண்டு போனது. களியில் மண், தண்ணீர்ப் பானையில் மண். அவர் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு கொல்லை நடுவே போய் நின்றார். நின்று என்ன செய்ய? காற்று ஓய்ந்தபோது மேல்மண் போய், கீழே மொரம்புக் கல்தான் கிடந்தது. பாவி மனுஷன் அந்த மரத்தை விட்டு வைத்திருக்கக் கூடாதா?

பிறகு மழை பெய்தது. எங்கள் கொல்லையில் ஒரு முளை இல்லை. கிழக்கே பங்காளி வூட்டுக் கொல்லை கருமண். அதன் முள்வேலி ஓரம் மட்டும் சிவப்பாக மேடிட்டு, அதில் எங்கள் சாமை கொத்துக் கொத்தாக முளைத்திருந்தது. "உங்க வெதைதானே, அறுத்துக்கங்க" என்றார் பங்காளியின் சம்சாரம். நல்ல மனசுதான். என் வூட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் அதே வேலியோரம் களை வெட்டக் கூலிக்குப் போனோம். அவரும் குனிந்து வெட்டினார். சாயங்காலம் வூட்டுக்கு வந்ததும், அவர் காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் கழுவச் சொம்பில் தண்ணீர் மொண்டேன். "இரு" என்றார். எழுந்து எங்கள் கொல்லைக்குப் போய், அங்கே காலை உதறிவிட்டு வந்தார்.