டிரைவர் என்று போடும்

பொன்னம்மை தன் பிள்ளையை யாரிடமும் 'என் மகன்' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. பால்காரனிடமும், நாவிதனிடமும், பள்ளிக்கூட வாத்தியாரிடமும் 'அண்ணனுக்க மருமகன்' என்றுதான் சொல்வாள். பூதலிங்கம் என்று அழகான பெயர் இருக்கத்தான் இருந்தது. பெயரால் என்ன வந்துவிடப் போகிறது? ஆரியசாலையில் இரண்டு கட்டு வீடும், சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டியும் வைத்திருக்கிற வேலப்பன் பிள்ளைக்கு மருமகன் என்பதில்தான் எல்லாம் இருந்தது.

நாஞ்சில்நாட்டு வெள்ளாளர் வீடுகளில் அந்தக் காலத்தில் மாமன் சொத்து சகோதரி மகனுக்கு. பெற்ற பிள்ளைகளுக்குக் கிள்ளிக் கொடுப்பதோடு சரி. கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றொன்றில் சட்டம் வந்து அதைத் திருப்பிப் போட்டது. சொந்தப் பிள்ளைகளுக்கும் உரிமை உண்டு. வேண்டுமென்றால் குடும்பத்தைப் பாகம் பிரித்துக்கொள்ளலாம். உறவில் பல வீடுகள் உடனே பிரிந்தன. பொன்னம்மை அப்போதுதான் தாலியறுத்து, ஐந்து வயதுப் பிள்ளையோடு அண்ணன் வீட்டில் வந்து இறங்கியிருந்தாள்.

"சட்டம் சர்க்காருக்கு. நம்ம வீட்டுல எனக்க மருமகன்தான். பகவதியும் அவனுக்குத்தான். பின்னே என்னத்துக்குப் பாகம்?" என்றார் வேலப்பன் பிள்ளை. பகவதி அவருடைய ஒரே மகள். அப்போது தவழ்கிற பருவம்.

அந்த ஒரு பேச்சை நம்பிப் பொன்னம்மை அடுக்களையை ஏற்றுக்கொண்டாள். அதன் பிறகு அந்த வீட்டில் உலை வைத்தது அவள் கைதான். அண்ணன் மனைவி முத்தாரம்மாளுக்கு மூட்டுவலி என்று பெயர். கூலி இல்லாத வேலை என்று பொன்னம்மைக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. மகன் ஆளப்போகிற வீட்டுக்குத்தானே சமைக்கிறோம் என்று இருந்தாள்.

யுத்தம் தொடங்கிய வருஷம் பூதலிங்கத்துக்குப் பதினெட்டு. இன்டர்மீடியட்டில் கணக்கு அவனைக் கைவிட்டது, கார் கைகொடுத்தது. மாமாவின் ஆஸ்டினை ஓட்டிவந்த யோசுவா, மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு லாரி ஓட்டப் போவதாக நோட்டீஸ் கொடுத்திருந்தான். போவதற்குள் பூதலிங்கத்துக்குப் பழக்கிவிடச் சொல்லிப் பிள்ளை உத்தரவு போட்டார். காலையில் சங்குமுகம் ரோட்டில் பழக்கம் நடந்தது. பையன் வீடு திரும்பும்போது ஹாரன் சத்தம் ஆரியசாலை முக்கிலேயே கேட்கும். பொன்னம்மை அடுப்பை விட்டு வாசலுக்கு வந்துவிடுவாள்.

"எளவு, ஹாரன் அடிக்கதுக்குத்தான் நல்லாப் பழகியிருக்கான்" என்பாள் முத்தாரம்மாள்.

"முதலாளிக்க வண்டி வருகுன்னு ஊரு அறியாண்டாமா, மயினி?" என்பாள் பொன்னம்மை. மயினி மூட்டைத் தடவிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

ஒரு நாள் சாலையில் மரச்சீனிக் கிழங்கு ஏற்றிவந்த கைவண்டியைப் பூதலிங்கம் உரசிவிட்டான். கிழங்கு உருண்டது, வேறொன்றுமில்லை. ஆனாலும் வேலப்பன் பிள்ளை பயந்துபோனார். மறுநாளே ஸ்ரீவராகத்திலிருந்து இன்ஷூரன்ஸ் ஏஜெண்டு சாம்பசிவ ஐயரை வரவழைத்தார்.

ஐயர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டே விளக்கினார்.

"யோசுவா பேரு ஏற்கனவே கம்பெனியில இருக்கு. பழகற பையன் பேரையும் சேத்துடணும் பிள்ளைவாள். சேக்காம அவன் யார்மேலயாவது ஏத்தி வச்சான்னா, பம்பாய் கம்பெனிக்காரன் கையை விரிச்சுடுவான். லைசென்ஸ் வர்ற வரைக்கும் யோசுவா பக்கத்துல இருக்கணும், அதையும் சொல்லிட்டேன். பையன் உங்களுக்கு என்ன ஆகணும்?"

பிள்ளை வாய் நிறைய வெற்றிலையோடு எழுந்து முற்றத்துப் பக்கம் துப்பப் போனார். காபி டம்ளரோடு வந்த பொன்னம்மைதான் பதில் சொன்னாள்.

"மருமகன்."

ஐயருடைய முகம் மலர்ந்துவிட்டது. "அடேடே! கல்யாணம் எப்ப ஆச்சு? பகவதிக்கா? ஒரு வாய் பாயசம்கூடக் காட்டாம ஏமாத்திட்டேளே!"

ஐயர்களுக்கு மருமகன் என்றால் மாப்பிள்ளைதான். சகோதரி மகனை மருமான் என்பார்கள். பொன்னம்மைக்கு அது தெரியும். தெரிந்தும் திருத்தவில்லை. இன்றில்லாவிட்டால் நாளை நடக்கப்போகிறதுதானே என்று, சிரித்தபடி டம்ளரை முக்காலியில் வைத்தாள்.

முற்றத்திலிருந்து பிள்ளை பாதித் துப்பலோடு ஓடி வந்தார். "ஐயோ, சாமி! அதொண்ணும் இல்ல. எழுதிப் போடாதையும். இவளுக்க பையனாக்கும். தங்கச்சிக்க மகன்."

"ஓகோ, மருமானா! நான் ஒரு மடையன். அதுக்கென்ன, அதுவும் குடும்பந்தான். வீட்டோட இருக்கற குடும்ப ஆள்னு போட்டுடறேன்."

"அப்படியும் போடாண்டாம்."

"பின்னே?"

"டிரைவர் என்று போடும்."

ஐயர் விசிறியை நிறுத்தினார். "எப்படிப் போட்டாலும் தொகை ஒண்ணுதான், பிள்ளைவாள். டிரைவர்னா சம்பளத்துக்கு இருக்கறவன்னு அர்த்தம். சம்பளம் குடுக்கறேளா?"

"சோறு போடுகேன்லா" என்றார் பிள்ளை.

ஐயர் பொன்னம்மையை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நல்ல மனுஷன். காபியை ஆற்றாமலே குடித்தார்.

மத்தியானம் அண்ணன் இலையில் உட்கார்ந்தார். பொன்னம்மை சோற்றைப் போட்டுவிட்டுத் தீயல் சட்டியோடு நின்றாள்.

"அண்ணே, அந்தச் சாமி கேட்டதுக்கு ஏன் அப்படிச் சொன்னிய?"

"ஏட்டி, அது கம்பெனிக்காக்கும். கடலாசுல என்னன்னு கெடந்தா என்ன? தீயல் விடு."

"என்னன்னு கெடந்தாலும் ஒண்ணுதான்னா, மருமகன்னே கெடக்கட்டுமே. தொகையும் ஒண்ணுதான்னு அவரு சொன்னாரே."

பிள்ளை வெறுஞ்சோற்றைப் பிசைந்தார். தங்கையை நிமிர்ந்து பார்க்காமல்தான் சொன்னார். "வக்கீல் சொல்லியிருக்காரு. குடும்பத்து ஆளுன்னு ஒரு கடலாசுல ஏறிட்டா, நாளைக்கு நீ அதைத் தூக்கிக்கிட்டு கோர்ட்டுக்குப் போனா நான் என்ன செய்ய?"

"நானா? கோர்ட்டுக்கா?"

"நீ இல்லேன்னா அவன். காலம் கெட்டுக் கெடக்கு."

கோர்ட்டுக் கட்டடம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடப் பொன்னம்மைக்குச் சரியாகத் தெரியாது. டிரைவர் என்று சொன்னதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். ஒரு வக்கீல் முன்னால் உட்கார்ந்து, தன்னைப் பற்றி, தான் என்னென்ன செய்யக்கூடும் என்று அண்ணன் பேசியிருக்கிறார். பேசிவிட்டு வீட்டுக்கு வந்து, கை கழுவி, அவள் பரிமாறியதைச் சாப்பிட்டிருக்கிறார். எத்தனை நாளாக இது நடக்கிறதோ! உப்புக் கூடிற்று, புளி குறைந்தது என்றெல்லாம் சொன்ன அதே வாய்.

"அப்போ பகவதி?" என்று கேட்டாள்.

பதில் கதவண்டையிலிருந்து வந்தது. "நாகர்கோயில் ஓவர்சியருக்க பையன்" என்றாள் முத்தாரம்மாள். "சாதகம் பொருந்தியாச்சு. தையில வைக்கலாம்னு இருக்கு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லலியே, மயினி."

"சொன்னா நீ உலை வைப்பியா?"

இத்தனை வருஷத்தில் முத்தாரம்மாள் இவ்வளவு நேராகப் பேசியது அன்றுதான். மூட்டுவலிக்காரி விறுவிறுவென்று உள்ளே வந்து, பொன்னம்மை கையிலிருந்த சட்டியை வாங்கிப் புருஷன் இலையில் தீயலை ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே பேசினாள். "ஒங்க மாமா செத்தப்போ, அவரு பொண்டாட்டியையும் பிள்ளைகளையும் காரியம் முடிஞ்ச கையோட வண்டி ஏத்தி விட்டீங்களே, நெனவிருக்கா? நான் அப்போ புதுப்பொண்ணு. அந்தப் பொம்பளை நிலைப்படியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நீதான் கையை எடுத்து விட்டே, பொன்னு. எனக்கும் எனக்குப் பொறக்கப்போற பிள்ளைக்கும் அதுதான் கதின்னு நான் அண்ணைக்கே பயந்தவளாக்கும்."

அது உண்மை. நிலைப்படியிலிருந்து அந்தக் கையை எடுத்துவிட்டது பொன்னம்மைதான். வழக்கம் அப்படி இருந்தது. யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை. அண்ணனை இனி வெறுப்பது சுலபமாகத்தான் இருந்தது. மயினியை வெறுக்கத்தான் முடியவில்லை. அடுக்களைக்குப் போய் அடுப்பில் கிடந்த விறகை வெளியே இழுத்து நீர் தெளித்தாள்.

சாயங்காலம் பூதலிங்கம் வந்தான். கார் கழுவிய ஈரம் சட்டையில் இருந்தது. தாய் நடந்ததையெல்லாம் சொன்னாள். சொல்லும்போதே அவன் கோபத்தில் குதிப்பான், மாமாவிடம் போய் நாலு கேட்பான், அவனைத் தான் அடக்க வேண்டியிருக்கும் என்று எதிர்பார்த்தாள். அவன் குதிக்கவில்லை. காதைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஒனக்குத் தெரியுமாலே?"

"மாமா மின்னயே கேட்டாரு எம்மா. நான் சரின்னேன்."

"எதுக்குச் சரின்னே?"

"டிரைவருன்னு போட்டா சட்டுனு லைசென்ஸு எடுத்துத் தாறேன்னாரு. யோசுவா போன பொறவு வண்டி முழுக்க எனக்க கையிலயாக்கும்."

"பகவதியைக் கெட்டிக் குடுக்கப் போறாவலே. அதுவும் தெரியுமா?"

"தெரியும். நாகர்கோயிலுக்கு மாப்பிள்ளை வீடு பாக்கப் போனப்போ நானும் யோசுவாவும்தானே வண்டியில கொண்டுபோனோம்" என்றான். பிறகு, ஆறுதல் சொல்கிற மாதிரி, "அவளுக்கு என்னைக் கண்டா ஆகாது எம்மா. கணக்குல தோத்தவன்னு ஏசுவா" என்றான்.

 வீடு முழுக்க எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. யோசுவாவுக்குக்கூடத் தெரியும். அன்றைக்கு வண்டியில் எடுத்துப்போன முறுக்கும் முந்திரிக்கொத்தும் பொன்னம்மை சுட்டுக் கொடுத்தவை. மண்டி விஷயமாகப் போகிறோம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வாரம் சாம்பசிவ ஐயர் பாலிசியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தார். பிள்ளை மண்டியில் இருந்தார். முத்தாரம்மாள் வெளியே வரவில்லை. பொன்னம்மை அதை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, ஐயர் செருப்பை மாட்டும்வரை காத்திருந்து கேட்டாள்.

"சாமி, பாகக் கேசு நடத்துக நல்ல வக்கீலு கோட்டைப் பக்கம் யாரு இருக்கா?"

ஐயருக்கு ஒரு கால் செருப்பு நழுவியது. "அம்மா, நான் வயத்துப் பிழைப்புக்காரன். பிள்ளைவாள் என் பழைய பார்ட்டி. நீங்க என்னை எதுலயும் இழுத்துவிடாதேங்கோ."

"நான் இழுக்கல்ல. அண்ணன்தான் கோர்ட்டுன்னு சொன்னாரு. எனக்கு அதுவரை அப்படி ஒரு இடம் உண்டுன்னே தோணல்ல."

ஐயர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். "அழகியநம்பின்னு ஒருத்தர் இருக்கார். ஸ்ரீவராகம் குளத்துக்கு வடவண்டைத் தெரு. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதேங்கோ" என்று சொல்லிவிட்டு, குடையை விரிக்காமலே வெயிலில் வேகமாக இறங்கிப் போனார்.

பொன்னம்மை வேறு முண்டு மாற்றிக்கொண்டு புறப்பட்டாள். வாசலில் பூதலிங்கம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் யோசுவா பீடி குடித்துக்கொண்டிருந்தவன், அவளைக் கண்டதும் கீழே போட்டான்.

"எங்க எம்மா போறே? ஏறு, கொண்டு விடுகேன்."

"மருமகன் ஓட்டுகதா இருந்தா ஏறியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

அவன் விடவில்லை. முதல் கியரில் வண்டியை உருட்டிக்கொண்டே பின்னால் வந்தான். சாலையில் அரிசி மூட்டை இறக்குகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். "என்ன டிரைவரே, அம்மையைச் சவாரி விடுகியா?" என்று ஒருவன் கேட்டான். அந்தச் சொல் அதற்குள் கடைத்தெருவுக்கும் வந்திருந்தது. பூதலிங்கம் பல்லைக் காட்டிச் சிரிப்பதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். அவனுக்கு அது பெருமையாக இருந்தது.

கிழக்கேகோட்டை வாசலுக்கு முன்னால் மாட்டுவண்டிகளுக்கு நடுவே ஆஸ்டின் விக்கி நின்றுபோயிற்று. யோசுவா இறங்கிக் கைப்பிடி போட்டுச் சுற்ற ஆரம்பித்தான். பொன்னம்மை கோட்டைக்குள் நுழைந்து, ஸ்ரீவராகம் போகிற வழியை ஒரு பூக்காரியிடம் கேட்டாள்.