அக்காவின் உண்ணாவிரதம்

எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரே பானைச் சோற்றைத்தான் தின்றோம். அக்காவுக்கு மட்டும் அது உடம்பில் ஒட்டியது. நெல்வண்டிகளை மறித்து, கொடி பிடித்து, கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டி வாங்கிய காலம் அது. ஆட்சி மாறியும் மிராசுதார் மாறவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பார் அப்பா. எங்கள் ஊர் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அக்காவின் உப்பிய கன்னம் அந்தக் கூலி உயர்வுக்குக் கிடைத்த சான்றிதழ் என்று அம்மாவுக்கு நினைப்பு. கோயிலுக்குப் போனால் அவளைத்தான் முன்னால் நடக்கவிடுவாள்.

அக்கா அப்போது பத்தாவது. பரீட்சை முடிந்ததும் பாபநாசத்தில் இருந்த மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, அவளைக் கட்டிக்கொடுப்பதாகப் பேசியாகிவிட்டது. அக்கா அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை.

அந்த வருஷம் பள்ளியில் சுகாதார வகுப்பு நடந்தது. டீச்சர் ஓர் அட்டையை மாட்டி, இன்ன உயரத்துக்கு இன்ன எடை என்று விளக்கி, எல்லாரையும் எடை மெஷினில் ஏற்றினார். முக்கால்வாசிப் பேர் இருக்கவேண்டிய எடைக்குக் கீழே. அவர்களைப் பாலும் முட்டையும் சாப்பிடச் சொன்னார். அவை எங்கே கிடைக்கும் என்பது பாடத்தில் இல்லை. அட்டையைத் தாண்டிப் போனது அக்கா ஒருத்திதான். சோற்றைக் குறைக்கச் சொன்னாராம். வகுப்பே சிரித்ததாம்.

அக்கா குறைக்கவில்லை, ஏறக்குறைய நிறுத்தியே விட்டாள். காலையில் வெறும் வெந்நீர். இரவில் அம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் அவள் தட்டுச் சோறு என் தட்டுக்கு வந்துவிடும். நான் நாலாவது படித்தேன். வந்த சோற்றை விசாரிக்கிற வயசில்லை. என் பாவாடை நாடா இறுக ஆரம்பித்தது. பள்ளிவிட்டு வரும் வழியில் அக்கா ரைஸ் மில்லில் மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்பாள். தவிட்டு மூட்டைகூட இவளைவிடக் கனம் என்று மில்காரர் சொன்னால் அவள் முகம் மலர்ந்துவிடும். வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

ஒருநாள் தண்ணீர் அடிக்கப் போனவள் அடிபம்பு அருகே மயங்கி விழுந்தாள். தூக்கப் போன அம்மா அப்போதுதான் கவனித்தாள். வளையல் முழங்கைவரை ஏறியது. காத்துக்கருப்பு என்று முடிவுகட்டி, நாகூர் தர்காவுக்குப் போய்க் கயிறு மந்திரித்து வந்து கட்டினாள். கயிறும் தளர்ந்ததே தவிர அக்கா சாப்பிடவில்லை. சோற்றை உருட்டி அவள் வாயில் திணிக்கப் போன அம்மாவை அப்பாதான் தடுத்தார். சோறு இருந்தும் ஒருவர் சாப்பிடாமல் இருப்பதற்கு அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்றுதான். தாலுகா ஆபீஸ் வாசலில் அவரும் அப்படி உட்கார்ந்தவர். திணித்தால் போராட்டம் முற்றும் என்று அம்மாவை எச்சரித்துவிட்டு, அக்காவுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். அதிகாரிகள் தன் எதிரே எப்படி உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டாரோ அப்படி உட்கார்ந்தார்.

"சொல்லும்மா. உன் கோரிக்கை என்ன?"

அக்கா திருதிருவென்று விழித்தாள். எனக்குச் சிரிப்பு முட்டியது. அவளுக்கு ஏது கோரிக்கை, மெஷினில் முள் இறங்கினால் போதும். அதைத்தான் சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அப்பா அவசரப்படுத்தவில்லை. அவள் என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

"மேல படிக்கணும்ப்பா. மாமாவக் கட்டிக்க மாட்டேன்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தம்பி முகத்தில் எப்படி விழிப்பேன் என்பதுதான் அவள் அழுகை.

"நியாயமாத்தான் இருக்கு" என்று அப்பா எழுந்துபோய், தன் கையாலேயே எலுமிச்சம்பழம் பிழிந்து வந்து அக்காவிடம் கொடுத்து, முறைப்படி உண்ணாவிரதத்தை முடித்துவைத்தார். மாமா பிறகு குத்தாலத்தில் பெண் எடுத்தார். அம்மா வெகுகாலம் அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அன்று ராத்திரி அக்கா மறுசோறு வாங்கிச் சாப்பிட்டாள். என் தட்டுக்கு ஒரு பருக்கை வரவில்லை. எனக்கு அதில் வருத்தம்தான். அப்பாவை நன்றாக ஏமாற்றிவிட்டாள் என்றே பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட பிறகுதான் அந்தக் கோரிக்கை அவளுக்குத் தோன்றியது என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. அதற்கு முன்னால் அவளிடம் யாருமே அப்படிக் கேட்டதில்லை என்பதுதான் அப்போது எனக்கு விளங்கவில்லை.