வெறும் படகில் பறந்த பதின்மூன்று

காலையிலிருந்து ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை.

பனிச்சங்கேணித் தவராசா என் எஞ்சின் சாமான் கடைக்கு வந்து, படகு எஞ்சினுக்குப் பதின்மூன்று பிட்ச் புரொப்பெல்லர் கேட்டார். இதுவரை ஓடியது பதினொன்றில்; எண் கூடினால் வேகம் கூடும், பாரம் இழுக்கும் வலு குறையும். அவருடைய மச்சானின் படகு தினமும் முந்திக் கரைக்கு வந்து, நல்ல விலைக்கு மீனைக் கொடுத்துவிடுகிறதாம்.

"கடலுக்கு எத்தினை பேர் போறீங்க?"

"நாலு பேர். வலையும் ஐஸ் பெட்டியும் கிடக்கு."

"அந்தப் பாரத்துக்குப் பதினொண்டுதான் சரி. பதின்மூண்டு போட்டா எஞ்சின் முக்கும்."

"சாமான் வாங்காதேயெண்டு சொல்லுற முதலாளிய இண்டைக்குத்தான் பாக்கிறன்!"

நான் கொடுக்காவிட்டால் பக்கத்துக் கடையில் வாங்குவார். கொடுத்துவிட்டேன்.

பத்து மணிக்கு வாவியிலிருந்து தவராசாவின் போன். "அண்ணன், பறக்குது!"

"படகுல ஆர் ஆர் நிக்கிறீங்க?"

"நான் மட்டும்தான்."

இங்கே எல்லோரும் இப்படித்தான். வெறும் படகை ஓட்டிப் பார்த்துவிட்டு, பாரத்தோடு கடலுக்குப் போவார்கள்.

மனம் கேட்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டுப் போய், நான்கு பேரையும் வலையையும் ஐஸையும் ஏற்றி ஓடச் சொன்னேன். படகின் முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. பின்பக்கம் அமிழ்ந்தது. எஞ்சின் முனகியது.

தவராசா ஆட்களை எண்ணிப் பார்த்தார். "ரெண்டு பேரை இறக்கினாச் சரி வரும் அண்ணன்."

இறக்கிவிட்டு, பின்னேரம் பதின்மூன்றோடேயே கடலுக்குப் போய்விட்டார். பழைய பதினொன்றையும் ஸ்பேனரையும் வற்புறுத்தித்தான் படகில் வைத்தேன். இப்போது போன் எடுக்கிறாரில்லை.

மச்சானை முந்துவார், சந்தேகமில்லை. இரண்டு பேராக அந்த வலையை எப்படி இழுப்பார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.