அரிசி கழுவிய தண்ணீரில் ஊறிய படகு

அஸ்தினாபுரத்தில் கடல் கிடையாது. இதிகாசத்து அஸ்தினாபுரத்திலும் கிடையாது என்பதால் யாரும் இதை ஒரு குறையாகச் சொன்னதில்லை. நான் ஐந்தாம் வகுப்பு படித்த காலத்தில் எங்கள் தெருவில் பதினான்கு வீடுகளும், காற்றை மட்டும் கொடுக்கும் ஒரு அடிபம்பும், ஒரு பாய்மரப் படகும் இருந்தன. முதல் இரண்டும் எல்லாத் தெருக்களிலும் இருந்தன. மூன்றாவதற்குக் காரணம் என் அத்தையும் மாமாவும்.

அத்தை என் அப்பாவின் தங்கை. குரோம்பேட்டையில் கணக்கு டீச்சர். மாமா ரயில்வேயில் ஃபிட்டர். எங்கள் வீட்டுப் பின் போர்ஷனில் குடியிருந்தார்கள். ஊரில் மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோவளம் போனால் சுண்டல் சாப்பிட்டுவிட்டு, செருப்பு நிறைய மணலோடு திரும்பி வருவார்கள். இவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பதினெட்டு அடிப் படகோடு திரும்பி வந்தார்கள். ஓய்வு பெற்ற துறைமுக அதிகாரி ஒருவர் சவுக்குத் தோப்பில் போட்டுவைத்திருந்த பழைய மரப் படகு. தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று கொடுத்துவிட்டாராம்.

"புத்திசாலி மனுஷன்" என்று அந்த அதிகாரியைப் பாராட்டினார் அப்பா.

பக்கத்துக் காலி மனையில், பனந்துண்டுகள் மேல் படகு ஏறி உட்கார்ந்தது. அதற்கு மேல் மாமா தகரக் கொட்டகை போட்டார். பிறகு நான்கு வருஷம், ஆபீஸும் பள்ளிக்கூடமும் விட்ட நேரமெல்லாம் இருவரும் அதன் கீழேயே கிடந்தார்கள். உளுத்த பலகைகளை எடுத்துவிட்டுப் புதுப் பலகை வைத்தார்கள். துருப்பிடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பித்தளைத் திருகாணி போட்டார்கள். பழைய பெயின்டைச் சுரண்டினால் நீலத்துக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே வெள்ளை என்று வந்துகொண்டே இருந்தது. புது நிறம் தென்படும்போதெல்லாம் மாமா, "டீச்சர், இங்க வந்து பாரு" என்று கூப்பிடுவார். அத்தை அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவார். இருவரும் குனிந்து நின்று அந்தப் பெயின்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெயின்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று நானும் குனிந்து பார்த்திருக்கிறேன். பெயின்ட்தான் இருந்தது.

கல்லூரி நாட்களில் படகு ஓட்டக் கற்றிருந்த அத்தைதான் பாயைத் தைத்தார். துணி தையல் மிஷினிலிருந்து கிளம்பிக் கூடத்தைக் கடந்து, வாசல் வழியாக முருங்கை மரம் வரை போகும். மறுமுனையை ஏந்திக்கொண்டு மாமா ஊசியின் வேகத்துக்கு ஏற்றபடி அடிமேல் அடி வைத்து வீட்டை நோக்கி வருவார்.

"மாப்ள அழைப்பு மாதிரி இல்ல?" என்பார் அப்பா. "தனியா வரார், அதான் குறை."

சிரித்தாலும் எனக்குள் பெருமைதான். வகுப்பில் எங்களுக்குச் சொந்தக் கப்பல் இருப்பதாகச் சொல்லிவைத்தேன். எங்கே நிற்கிறது என்று கேட்டார்கள். அஸ்தினாபுரத்தில் என்று உண்மையைச் சொன்னேன். பத்தாம் வகுப்பு முடியும்வரை என் பெயர் 'கப்பல்' என்றே இருந்தது. என் உடல்வாகும் அதற்கு ஒத்துழைத்தது.

நான்காவது வருஷம் சித்திரையில் மனைக்காரர் வந்தார். வைகாசியில் பூமி பூஜை, அதற்குள் இடத்தைக் காலி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்து, யார் சொல்லி அனுப்பினார்களோ, விறகுக் கடைக்காரர் ஒருவர் வந்து படகை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார்.

"நல்லா காஞ்சி கீது சார். சொம்மா சூப்பரா எரியும்."

கோளாறே அதுதான். மரப் படகு தண்ணீரில் கிடந்தால் பலகைகள் ஊறிப் பருத்து ஒன்றோடொன்று நெருக்கிக்கொள்ளும். காய்ந்தால் சுருங்கி இடைவெளி விடும். மழை தூறினாலே தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடி, நான்கு வருஷமாக ஒரு சொட்டு படாமல் படகைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள் இவர்கள். விளைவு, பலகைகளுக்கு நடுவே என் பென்சில் தாராளமாகப் போய் வந்தது. பஞ்சுத் திரியை உளி வைத்து அடித்து அடைத்தும் போதவில்லை. படகுக்குள் பாதி வரை தண்ணீர் நிரப்பிப் பத்து நாள் ஊறவிட வேண்டும். ஊறினால் முட்டுக்காடு கழிமுகம், இல்லாவிட்டால் விறகுக் கடை.

அந்தச் சித்திரையில் எங்கள் தெருவில் பல் தேய்த்தவர்கள் துப்புவதற்கே யோசித்தார்கள்.

மாமா எங்கோ படப்பைப் பக்கத்து வயல் கிணற்றிலிருந்து ஒரு லாரித் தண்ணீர் பிடித்து வந்தார். டிரைவர் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு, "தொட்டி எங்க சார்?" என்றார். மாமா படகைக் காட்டினார். டிரைவர் படகைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார்.

"இன்னா சார், அல்லாரும் தண்ணில போட்டு வுடுவாங்க. நீ போட்டுல தண்ணி வுடுற?"

லாரிச் சத்தம் கேட்டதும் தெரு முழுக்கக் குடத்தோடு வந்துவிட்டது. முன்னால் நின்றவர் எதிர்வீட்டு அக்கா. தெருவில் யாருக்கும் பயப்படாதவர்.

"டீச்சர், கேக்கறேன்னு தப்பா நினைக்காத. வூட்ல புள்ளைங்க மூஞ்சி கழுவி ரெண்டு நாள் ஆவுது. நீ கட்டைக்குத் தண்ணி காட்டிகினு கீறியே, நாயமா?"

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை படகைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன். அதிலிருந்து ஒழுகிய தண்ணீரில் இரண்டு பேர் ஏற்கெனவே சொம்பை வைத்திருந்தார்கள்.

"எல்லாரும் பிடிச்சுக்குங்க" என்றார் அத்தை.

மாமாவின் முகம் ஒரு கணம் விழுந்தது. ஆனால் அத்தை முடிக்கவில்லை.

"ஆனா ஒரு சொட்டு கீழ கொட்டக் கூடாது. குளிங்க, துவைங்க, அரிசி கழுவுங்க, என்ன வேணா பண்ணுங்க. பண்ணிட்டு அந்தத் தண்ணிய கொண்டாந்து போட்டுல ஊத்திடணும்."

எதிர்வீட்டு அக்கா கொஞ்சம் யோசித்தார். "அழுக்குத் தண்ணியா?"

"படகு குடிக்கவா போகுது?"

மறுநாள் காலையிலிருந்து ஊர்வலம் ஆரம்பித்தது. அரிசி கழுவிய தண்ணீர், பருப்பு களைந்த தண்ணீர், சோப்பு நுரை, சீயக்காய்த் தண்ணீர், துணிக்கு நீலம் போட்ட தண்ணீர். குளிக்கிறவர்கள் அண்டாவுக்குள் நின்று குளித்து, அண்டாவை இருவர் பிடித்துத் தூக்கி வந்தார்கள். யார் வீட்டில் எண்ணெய்க் குளியல், யார் வீட்டில் மீன் என்பதெல்லாம் படகைச் சுற்றி வந்தால் தெரிந்துவிடும். மீன் கழுவிய தண்ணீர் வந்த அன்று கோடிவீட்டு சைவக் குடும்பம் ஆட்சேபம் தெரிவித்தது. படகின் முன்பக்கம் சைவம், பின்பக்கம் அசைவம் என்று மாமா சமரசம் செய்துவைத்தார். இரு தரப்பும் அதை ஏற்றுக்கொண்டு உள்ளே ஒரே தண்ணீரில் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

முதல் நாள் படகு எல்லாப் பக்கமும் ஒழுகியது. மூன்றாம் நாள் சொட்டியது. வாரக் கடைசியில் அதன் வயிறு ஈரமாக மட்டும் இருந்தது. தினமும் காலையில் உள்ளே நீர்மட்டத்துக்குச் சாக்பீஸால் கோடு போடும் வேலையை அத்தை எனக்குக் கொடுத்திருந்தார். கடைசி மூன்று நாள் யாரும் எதுவும் ஊற்றக் கூடாது, தண்ணீர் கோட்டை விட்டு இறங்காமல் நின்றால் படகை ஏற்ற லாரி சொல்லலாம் என்பது ஏற்பாடு. பூமி பூஜைக்கு ஆறு நாள்தான் இருந்தது.

அந்த மூன்றில் முதல் நாள் காலை போய்ப் பார்த்தேன். தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே கிடந்தது.

வெளியே விறகுக் கடைக்காரர் மனைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் வீட்டுக்குள் போனேன். எனக்கென்று அம்மா ஒரு வாளி குளிக்கும் தண்ணீர் வைத்திருந்தார். அதைக் கொல்லைப்புறமாகத் தூக்கிப்போய் ஊற்றினேன். போதவில்லை, துணி அலசும் வாளியும் போனது. தண்ணீர் கோட்டைத் தொட்டது. தலையை மட்டும் நனைத்துக்கொண்டு, குளித்த முகத்தோடு பள்ளிக்கூடம் போனேன். மூன்று நாளும் இதையே செய்தேன். வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் மூன்றாம் நாள் இடம் மாறி உட்கார்ந்தாள். ஒரு பெரிய காரியத்துக்கான தியாகம் என்று எடுத்துக்கொண்டேன்.

"எப்படி இருக்கு?" என்று மாமா கேட்பார்.

"அப்படியே இருக்கு."

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு, "சரி" என்பார்.

செங்கல் லாரி ஒன்றில் படகு முட்டுக்காடு போனது. அதே லாரியில் தெருவும் போனது. மேடவாக்கம் தாண்டும்போது சாலையில் சைக்கிளில் போனவர்கள் எல்லாம் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டு அக்கா மேலிருந்து அவர்களுக்குக் கை காட்டினார். கழிமுகத்தில் மீனவர்கள் ஏழெட்டுப் பேர் வந்து, 'ஏலே ஐலசா' என்று தள்ளி இறக்கினார்கள். படகு ஒருமுறை பக்கவாட்டில் சாய்ந்தது, யோசித்தது, நிமிர்ந்து மிதந்தது. நான் கத்திய கத்தலில் எனக்கே காது அடைத்தது. அத்தை சுக்கானைப் பிடித்தார். மாமா பாயை ஏற்றினார். கூடத்திலிருந்து முருங்கை வரை நீண்ட அந்தத் துணி காற்றை வாங்கிப் புடைத்தது. படகு கரையை விட்டுப் போயிற்று. அத்தனை அழகான ஒன்றை எங்கள் தெருவில் யாராவது செய்ய முடியும் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

அப்போது மாமா குனிந்தார். ஒரு பிளாஸ்டிக் மக்கில் எதையோ மொண்டு வெளியே வீசினார். மறுபடியும் குனிந்தார்.

அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, கோடு நிக்கல. நான்தான் தண்ணி ஊத்தினேன். மூணு நாளும்."

அப்பாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. நான்கு வருஷமாக அந்தப் படகைக் கிண்டல் செய்தவர், செருப்போடு தண்ணீரில் பாய்ந்தார்.

"அம்மாடி! திரும்பி வாம்மா! மாப்ள, திருப்புங்க! ஓட்டை!"

அவர்கள் திரும்பிப் பார்த்துக் கையசைத்தார்கள். அப்பா இன்னும் கொஞ்ச தூரம் ஓடினார். தண்ணீர் முழங்காலைத் தாண்டவில்லை. நான் மணலில் உட்கார்ந்து அழுதேன்.

"பாப்பா, இன்னாத்துக்கு அழுவுற?" என்றார் ஒரு மீனவர்.

"முழுகிடும்."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எங்க முழுவுது? அதுங்க ஜாலியா போய்கினு கீதுங்க."

உண்மைதான். தூரத்தில் இருவரும் இடம் மாறிக்கொண்டார்கள். இப்போது மாமா சுக்கானில் இருந்தார், அத்தை மொண்டுகொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் மாறினார்கள். முகத்துவாரத்து மணல்திட்டு வரை போய், சுற்றி, ஒரு மணி நேரம் கழித்துத்தான் கரைக்கு வந்தார்கள். இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

நான் விக்கிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்" என்றார் அத்தை. "மூணு நாளா குளிக்கலன்னு உன் பக்கத்துல நின்னாலே தெரிஞ்சுதேடி."

"தெரிஞ்சுமா போனீங்க?" என்றார் அப்பா.

"ஒழுகும்னு தெரியும் அண்ணா. எவ்ளோ ஒழுகும்னு போய்ப் பாத்தாதானே தெரியும்?"

"நிமிஷத்துக்கு ரெண்டு மக்" என்றார் மாமா.

"மூணு."

"ரெண்டுதான் டீச்சர்."

"நீங்க மொள்ளும்போது ரெண்டு. நான் மொள்ளும்போது மூணு."

அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து வருஷம், லீவு கிடைத்தபோதெல்லாம் அந்தப் படகில் போனார்கள். கோவளம், மகாபலிபுரம், ஒருமுறை கடலோரக் கால்வாயிலேயே மரக்காணம் வரை. எதிர்வீட்டு அக்காவும் ஒருமுறை போய்விட்டு வந்து ஒரு மாதம் அதையே பேசினார். ஒரு தடவையாவது மக் இல்லாமல் அவர்கள் கிளம்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. இதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று கரையில் எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது.

"மாமா, அப்போ இது எப்ப ஒழுகாம ஆகும்?"

அவர் அத்தையைப் பார்த்தார். அத்தை அவரைப் பார்த்தார். இருவரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். நனைந்த புடவையைப் பிழிந்துகொண்டே அத்தை சிரித்தார். மாமா பேச முயன்று, முடியாமல் படகைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். என் கேள்வியில் சிரிக்க ஒன்றும் இல்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்தேன். ஆனாலும் திரும்பும் வழியெல்லாம் அவர்களை நினைத்து எனக்கு மனசு ஆறவே இல்லை. நான்கு வருஷமாக இத்தனை பாடுபட்டது ஒழுகாத ஒரு படகுக்காகத்தான் என்றும், பாவம், அது அவர்களுக்குக் கிடைக்காமல் போய்விட்டது என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.