நுனி சேராத பூ

போன சனிக்கிழமை முழுக்க நான் அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள்... அது லேசான வேலை இல்லை.

ஞாயிறுதோறும் பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் சிலர் பதுளையில் என் வீட்டுக்கு, துணி ஓரத்தில் வைக்கும் ரேந்தை பின்னப் பழக வருகிறார்கள். நூல் பண்டாரவளை வரை ரயிலில் வந்து, அப்புறம் மாட்டுவண்டி ஏறும். நூலுக்கும் முன்னால் வேண்டியது மாதிரித்தாள். கெட்டி அட்டையில் பூ வடிவாகத் துளைத்து, தலையணையில் பொருத்திய உருளையில் அதைச் சுற்றி, துளைகளில் குண்டூசி நட்டு, சின்னக் கட்டைகளில் சுற்றிய நூலை ஊசிகளைச் சுற்றிப் பின்ன வேண்டும்.

வெளியே மூடுபனி. உள்ளே டொக், டொக் என்று ஊசி. துளைத்த தாளைச் சன்னலில் பிடித்தால் வெளிச்சம் பொட்டுப் பொட்டாகக் கையில் விழும். அப்படியே எங்கேயோ மிதந்துபோவேன்... சோறு ஆறுவது யாருக்குத் தெரியும்?

பாதித் தாள்களைத் துளைத்தவள் பக்கத்து வீட்டு ரஹ்மா, ஜவுளிக்கடைக்காரர் மகள். பெரிய மனுஷியானதிலிருந்து வாசல் தாண்டுவதில்லை. "நானும் பின்னணும் டீச்சர்" என்று சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பாள். அவள் உம்மா துளைக்க மட்டும்தான் விட்டார். கல்யாணப் பேச்சு வேறு நடக்கிறது. அதற்குள் கற்காவிட்டால் எப்போது கற்பாள்? எனக்கு மனசு கேட்கவில்லை.

மாலையில் அவள் தாள்களை உருளையில் சுற்றினேன். ஐயையோ! நுனியும் அடியும் சேரவில்லை. ஒவ்வொரு தாளிலும் பூ பாதியில் அறுந்து நின்றது. அவளைச் சொல்லி என்ன பயன்? தாள் உருளையைச் சுற்றிக்கொண்டு வரும், முடிகிற இடத்திலேயே மறுபடி தொடங்கும் என்பதை அவள் கண்டதே இல்லையே.

உருளை பொருத்திய தலையணையைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ரஹ்மா உருளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது சுத்துமா? பாக்காம நான் எப்பிடி டீச்சர் செய்யுற?" என்று அழுதுவிட்டாள்.

"ஒரே ஒரு நாள் அனுப்புங்களேன்" என்று உம்மாவிடம் கெஞ்சினேன்.

"வெளிய அனுப்ப ஏலா."

எழுந்துவிட்டேன்.

"எங்க போறீங்க? அவ வெளிய போகத்தான் ஏலா. அந்தப் புள்ளைகள் இங்க வர ஏலான்னு நான் சொன்னேனா? நீங்க கேக்கவே இல்லியே."

மறுநாள் அவர்கள் வீட்டுப் பின்முற்றத்தில் கட்டைகள் கலகலத்தன. ரஹ்மா முதல் பூவை முடித்ததும் தோட்டத்துப் பெண்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

உம்மா மெல்ல என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு தலையணை வைங்க டீச்சர். நானும் இந்த வாசலத் தாண்டல்லதானே."