டொறத்திக்கு எதிராக ஒரு குரல்பதிவு

குமுதினிக்கு டொறத்தியைப் பிடிக்காது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஜேர்மனியின் எசன் நகருக்கு வந்த புதிதில் இருவரும் ஒரே உணவகத்தில் கோப்பை கழுவினார்கள். பிறகு ஒன்றாகவே முதியோர் பராமரிப்புக்குப் படித்தார்கள். குமுதினி சைவம், டொறத்தி கிறிஸ்தவம். தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்குப் போகும், நத்தாருக்கு அங்கிருந்து கேக் வரும். ஆனாலும் டொறத்தி ஒரு மண்டபத்துக்குள் நுழைந்தவுடன் எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்புமே, அப்போது குமுதினியின் அடிவயிற்றில் ஏதோ புகையும்.

அது ஏன் என்று அவளுக்குத் தெரியும். வெளிநாட்டவர் அலுவலகம், ஆசுப்பத்திரி, பள்ளிக்கூடம் என்று பல வருடமாகச் சனத்தைக் கூட்டிக்கொண்டு திரிந்து ஜேர்மன் மொழியில் கதைத்துக் கொடுத்தவள் குமுதினி. அலுவல் முடிந்ததும் சனம் அவளை மறந்துவிடும். டொறத்தி ஒரு பிறந்தநாள் விழாவில் இரண்டு பாட்டுப் பாடினாலோ ஊரெல்லாம் அதே கதை.

நகரசபையோடு சேர்ந்து இயங்கும் குடியேறியோர் மன்றத்துக்குத் தேர்தல் வந்தபோது குமுதினி முதலில் பெயர் கொடுத்தாள். சில நாள் கழித்து டொறத்தியிடமிருந்து போன் வந்தது.

"கோவிக்காதை குமுது, நானும் தேர்தல் கேக்கப்போறன். ரெண்டு பேரும் உள்ளுக்குப் போனால் நல்லம்தானே?"

"ஓம் ஓம், நல்லம்தான்" என்றாள் குமுதினி. எசனில் இருக்கிற தமிழ் வாக்கு ஒருத்தியைத்தான் உள்ளே அனுப்பும் என்பது இருவருக்கும் தெரியும்.

டொறத்தி சின்னச் சின்ன வீடியோக்கள் போட்டாள். ஒன்றில் ஆசுப்பத்திரியில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றாள். இன்னொன்றில் பெண்களுக்கென்று நீச்சல் வகுப்பு வேண்டும் என்றாள். ஒருவரையும் குறை சொல்லவில்லை. கடைசி வீடியோவில் சிரித்துக்கொண்டே, "குமுதினியும் கேக்கிறா. அவவும் நல்ல மனுசி. எங்கள் ரெண்டு பேரில ஒராளுக்கெண்டாலும் போய் வாக்குப் போடுங்கோ" என்றாள்.

அந்தப் புகழ்ச்சிதான் குமுதினியைச் சுட்டது. எதிரியைப் புகழ்கிற அளவுக்கு ஒருத்திக்குத் துணிவு எங்கிருந்து வருகிறது? தானும் டொறத்தியை வாழ்த்தி ஒரு வீடியோ எடுத்துப் பார்த்தாள். திரையில் தெரிந்த முகம் வாழ்த்துச் சொல்ல வந்தவள் முகம் போலவே இல்லை. அழித்துவிட்டாள்.

மளிகைக்கடைத் தம்பித்துரைதான் அவளுக்காக வாக்குச் சேர்த்தவர். ஊர்த் தேர்தல்களை யூடியூப்பில் விடாமல் பார்ப்பவர்.

"தங்கச்சி, நல்லதைச் சொன்னால் சனம் தலையாட்டிப்போட்டுப் படுத்திடும். கெட்டதைச் சொன்னால்தான் ஆளுக்கு ஆள் கதைக்கும். அவவில ஒரு பிழையும் இல்லையோ?"

"தெரியேல்லை அண்ணை" என்றாள். தெரிந்திருந்தது.

டொறத்தியின் மகன் லக்ஸனுக்குத் தமிழ் வராது. நாலு வயதாகியும் அவன் ஒரு சொல்லும் பேசாதிருந்தான். ஒரே மொழியில், பள்ளிக்கூடத்து ஜேர்மனில் மட்டும் கதையுங்கள் என்று அன்றைய வைத்தியர் சொன்னதை, மருத்துவச் சொற்கள் விளங்காத டொறத்திக்குத் தமிழில் சொன்னதே குமுதினிதான். திரும்பி வரும்போது டிராமில் டொறத்தி அவள் தோளில் சாய்ந்து அழுதாள்.

அடுத்த நாள் வேலைக்குப் போகும் வழியில் குமுதினி போனை வாயருகே பிடித்துப் பேசினாள். "சொந்தப் பிள்ளைக்கே தமிழ் பழக்காதவ எங்கட பிள்ளையளுக்கு என்னத்தைச் செய்யப்போறா? நீங்களே யோசியுங்கோ." எசன் தமிழரின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியவுடன் நெஞ்சு லேசானது. அந்த லேசு மத்தியானம் வரைக்கும் இருந்தது.

குரல்பதிவு எசன் முழுக்கச் சுற்றிப் பக்கத்து நகரான கெல்சென்கிர்ச்சனுக்கும் போனது. வாக்கே இல்லாதவர்களும் அதைப் பற்றிக் கதைத்தார்கள். தம்பித்துரை கல்லாவில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டார். குமுதினி மட்டும் டொறத்தியின் பதிலுக்குக் காத்திருந்தாள். 'அந்த வைத்தியருக்கு முன்னால் என் பக்கத்தில் இருந்தவளே நீதானே' என்று டொறத்தி ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். டொறத்தி சொல்லவில்லை. அடுத்த வீடியோவில் நீச்சல் வகுப்பைப் பற்றியே பேசினாள். அவள் கண்கள் வீங்கியிருந்தன.

குமுதினி வென்றாள். டொறத்திக்கு ஆசனம் கிடைக்கவில்லை. மண்டபத்தில் தம்பித்துரை லட்டுக் கொடுத்தார். பெண்கள் லட்டை வாங்கி, குமுதினிக்கு ஒரு கை கொடுத்துவிட்டு, டொறத்தியைச் சுற்றிப் போய் உட்கார்ந்தார்கள். வென்றவள் தட்டோடு தனியே நின்றாள். தோற்றவளைப் பார்த்தும் எரிச்சல்பட முடியும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை குமுதினி டொறத்தி வீட்டுக்குப் போனாள். டொறத்தி கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஏன் நீ உண்மையைச் சொல்லேல்லை? சொல்லியிருந்தால் நீதான் வெண்டிருப்பாய்."

"சொல்லுறதெண்டால் என்ர பிள்ளைக்குப் பேச்சு வராத வருத்தத்தைத் தெருவில வைக்க வேணும். எனக்கு ஏலாது."

"நான் திருத்திச் சொல்லுறன். எல்லாருக்கும் விளங்கப்படுத்துறன்."

"வேண்டாம். திருத்தப்போறன் எண்டு அவனைத் திரும்பவும் இழுக்காதை." டொறத்தியின் குரல் உயரவில்லை. "போயிட்டு வா குமுது."

படியிறங்கும்போது குமுதினிக்குக் கண் கலங்கியது. அதற்குள்ளும் அந்தப் புகை இருந்தது. பேச்சிலும் பாட்டிலும் டொறத்தியை முந்த முடியாது என்பது பழைய கதை. இப்போது வாயை மூடிக்கொண்டிருப்பதிலும் அவளை முந்த முடியவில்லை.

வீட்டுக்குப் போய் அதே குழுவிலும் டொறத்திக்குத் தனியாகவும் இன்னொரு குரல்பதிவு போட்டாள். "டொறத்தியைப் பற்றி நான் சொன்னது பிழை. தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான். காரணம் ஒருத்தரும் கேக்காதேங்கோ."

தம்பித்துரை அதன்பிறகு அவளோடு கதைப்பதில்லை. சிலர் அவளைப் பெரிய மனசு என்றார்கள், சிலர் நடிப்பு என்றார்கள். டொறத்தி அதைக் கேட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக்கோடு விழுந்தது. குமுதினி இன்றும் மன்றக் கூட்டங்களுக்குத் தவறாமல் போகிறாள். தன் பெயர் எழுதிய நாற்காலியில் உட்கார்ந்ததும், இந்த இடத்தில் டொறத்தி இருந்தால் எப்படிப் பேசியிருப்பாள் என்றுதான் முதலில் நினைக்கிறாள்.