திருச்சிக்கு நாலு மணி நேரம்

ஷார்ஜாவில் கிரேன் ஓட்டும் அய்யப்பன் திங்கட்கிழமை காலையில் விமானம் ஏறுவதாகப் போனில் சொன்னான். சொந்த ஊரான அரிமளத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தது செவ்வாய் சாயங்காலம்.

"நேரா திருச்சி பிளைட்டுதான். லேட்டாயிருச்சு" என்றான்.

அவன் குளிக்கப் போனதும் மனைவி பரிமளா செல்போனில் தேடினாள். ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர், நாலு மணி நேரச் சொச்சம். ரெண்டு வருஷம் கழித்து வருகிறவன், ஒரு முழு நாளை யாருக்குக் கொடுத்துவிட்டு வந்தான்? பெட்டியைப் பார்த்தாள். கைப்பிடியில் சென்னை விமான நிலையத்துச் சீட்டு ஒட்டியிருந்தது.

அவன் வந்ததும் கேட்டாள். "சென்னையில யாருங்க இருக்கா?"

அவன் பெட்டியின் அடியிலிருந்து ஒரு பைலை எடுத்துக் கொடுத்தான். சென்னைக் கண் ஆஸ்பத்திரி பைல். வலது கண்ணில் பாதிப் பார்வை போயிருந்தது.

"எப்ப இருந்து?"

"ஆறு மாசமா."

"கம்பெனிக்குத் தெரியுமா?"

"சொன்னா கிரேன்ல ஏற விடமாட்டாங்க."

ஆறு மாதமாக ஆட்களின் தலைக்கு மேல் இரும்பு தூக்கியிருக்கிறான். பரிமளாவுக்குக் கோபமும் வெட்கமும் ஒன்றாக வந்தன.

"இனிமே ஏற வேண்டாங்க" என்றாள். அவன் தலையாட்டினான்.

"இன்னொரு கண்ணு நல்லாத்தான இருக்கு?"

"நல்லாருக்கு."

அவள் நம்பவில்லை. அவனுடைய வலது கண்ணைக் கையால் பொத்தி, இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்று கேட்டாள். சரியாகச் சொன்னான். தள்ளிப் போய் நின்று மறுபடியும் கேட்டாள்.